மிக்கேல் லௌட்ரப்: 1992இல் வராதவரை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

ஒரு வாசகரின் கேள்வி, 12 ஜூன் 2024

ஐயா, நான் டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவன். உதைபந்தாட்ட வீரர் லௌட்ரப் ஆடிய காலத்தை நான் கண்டதில்லை. அப்பாவும் அவருடைய நண்பர்களும் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டார்கள். ஆனால் இந்த நாடு ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற 1992இல் அவர் அணியிலேயே இல்லை. ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் டி ஓர் விருதும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதைப் பெற்ற ஒரே டெனிஷ் வீரர் அலன் சிமொன்சன். கிண்ணத்தைத் தூக்கியவர்கள் ஷ்மைக்கலும் வில்ஃபோர்ட்டும் மற்றவர்களும். அப்படியிருக்க, வராமல் விட்டவரைத் தலைசிறந்தவர் என்பது பழைய தலைமுறையின் பாசமே தவிர வேறென்ன?

12 ஜூன், இரவு

பாசம்தான், தம்பி. அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பாசம் எதன்மேல் வந்தது என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தேசிய அணிக்காக 104 ஆட்டங்கள், 37 கோல்கள். யுவென்டஸ் அணியுடன் ஓர் இத்தாலிய லீக் பட்டம். பார்சலோனாவுடன் 1991 முதல் 1994 வரை வரிசையாக நான்கு ஸ்பானிய லீக் பட்டங்கள், நடுவில் 1992இல் ஐரோப்பியக் கழகக் கிண்ணம். 1995இல் ரியல் மட்ரிட்டுடன் இன்னொரு பட்டம். ஆக, இரண்டு பரம எதிரிகளின் சட்டையில் தொடர்ந்து ஐந்து வருடம் ஸ்பெயினின் வெற்றியாளர். 1998இல் அயாக்ஸ் அணியுடன் நெதர்லாந்து லீக்கும் கிண்ணமும். 2006இல் டெனிஷ் உதைபந்தாட்டச் சங்கம், எல்லாக் காலத்துக்குமான சிறந்த டெனிஷ் வீரர் என்று அவரையே அறிவித்தது.

இந்தக் கணக்கை வைத்து உம்மை மடக்க நான் விரும்பவில்லை. ஏனென்றால் 1992இல் நானும் உம்முடைய கட்சிதான். அந்தக் கோடையில் அவரைத் திட்டியவர்களில் என் குரல்தான் எங்கள் வேலைத்தலத்தில் உரத்தது. அதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் 1986ஐச் சொல்லாமல் முடியாது.

13 ஜூன்

நான் டென்மார்க்குக்கு வந்து அரை வருடம்கூட ஆகாத நேரம். செஞ்சிலுவைச் சங்கம் நடத்திய அகதிகள் முகாம் ஒன்றில் இருந்தேன். ஈரானியர்கள், பாலஸ்தீனியர்கள், இலங்கைத் தமிழர்களான நாங்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. டெனிஷ் மொழி யாருக்குமே புரியாது. பொதுக் கூடத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. மெக்சிகோவில் உலகக் கிண்ணம் நடந்தது. அங்கே மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு வரும். ஜூன் மாதத்து டெனிஷ் இரவு முழுமையாக இருட்டுவதில்லை. யன்னலுக்கு வெளியே வானத்தின் வடக்கு ஓரம் பால் கலந்த தேநீர்போல் வெளுத்தே இருக்கும். நித்திரை வராமல் தவித்த எங்களுக்கு அந்த நேரத்து ஆட்டம் பெரிய உதவி.

உருகுவேயுடனான ஆட்டம் மெக்சிகோக் கணக்கில் ஜூன் 8. டென்மார்க் 6-1 என்று வென்றது. எல்கயார் மூன்று கோல் அடித்தார். ஆனால் அந்த இரவிலிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது லௌட்ரப்பின் ஒற்றைக் கோல். பந்தை வாங்கியவுடன் தலையைக் குனியாமல் நேராக உள்ளே போனார். தடுக்க வந்தவர்கள் வழுக்கி விழுவதுபோல் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். கடைசியில் கோல் காப்பாளரையும் சுற்றிக்கொண்டு போய், அவசரமே இல்லாமல் பந்தை உள்ளே தள்ளினார். யாழ்ப்பாணத்து நாவாந்துறைப் பக்கம் உதைபந்து பார்த்து வளர்ந்தவன் நான். வெட்டி எடுக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் எதிராளியைத் தொடாமலே தாண்டிப் போகிறவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஈரானிய முதியவர் எழுந்து நின்று கை தட்டினார். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக அன்று ஒரு சொல் கிடைத்தது: லௌட்ரப்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் படித்த நாங்கள் ‘மைக்கல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். டெனிஷ்காரர்கள் சொல்லும்போதுதான் தெரிந்தது, அது ஏறத்தாழ எங்கள் ஊர்த் தேவாலயத்து ‘மிக்கேல்’. அதன் பிறகு அவர் எங்களுக்கு அரைவாசி உறவுக்காரர்.

14 ஜூன்

நேற்றைய குறிப்பு 6-1 உடன் நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து நடந்ததையும் எழுதாவிட்டால் அது பொய்க் கணக்கு.

மேற்கு ஜேர்மனியை 2-0 என்று வென்று குழுவில் முதலிடம் பெற்றார்கள். அந்த ஆட்டத்தில் ஃபிராங்க் ஆர்னசன் சிவப்பு அட்டை வாங்கியதால் அடுத்த சுற்றில் ஸ்பெயினுக்கு எதிராக ஆட முடியவில்லை. ஸ்பெயினுடன் முதல் கோல் டென்மார்க்குக்கே. யெஸ்பர் ஓல்சன் பெனால்டியில் அடித்தார். அதே யெஸ்பர் ஓல்சன் இடைவேளைக்குச் சற்று முன், தன் கோல் காப்பாளருக்கு என்று நினைத்துப் பெட்டிக்குக் குறுக்கே பந்தைத் தட்டினார். அங்கே நின்றவர் புட்ராகுவேன்யோ. பிறகு எல்லாம் சரிந்தது. 5-1. புட்ராகுவேன்யோ மட்டும் நான்கு.

இன்றும் இந்த நாட்டில் தன் தலையில் தானே மண் போடுகிற பாஸை ‘அசல் யெஸ்பர் ஓல்சன்’ என்பார்கள். நான் ஒழுங்காகக் கற்ற முதல் டெனிஷ் மரபுத்தொடர் இதுதான். பின்னர் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், வேறு ஊருக்குப் போகவேண்டிய பெட்டிகளை ஒரு முழு லொறியில் ஏற்றி எதிர்த்திசைக்கு அனுப்பிவிட்டு, மேற்பார்வையாளர் கத்துவதற்குள் நானே அந்தத் தொடரைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வேலை தப்பியது. அந்தப் பாஸ் டென்மார்க்கில் ஒருவருக்காவது நன்மை செய்தது என்றால் அது எனக்குத்தான்.

கேட்க வேண்டியது ஒன்று உண்டு. 5-1 தோற்ற அணியை இந்த நாடு ஏன் இன்றும் செல்லமாகப் பேசுகிறது? அந்தக் கோடையின் பாதிச் சிவப்பு பாதி வெள்ளைச் சட்டையை இன்றும் வாங்கிப் போடுகிறார்கள். வெற்றிதான் நினைவில் நிற்கும் என்ற உம்முடைய அடிப்படை, தம்பி, டென்மார்க்கில் 1986இலேயே உடைந்துவிட்டது.

15 ஜூன்

இன்று அவருக்கு அறுபது வயது. 1964 ஜூன் 15, கொப்பன்ஹேகனின் ஃபிரெடரிக்ஸ்பேர்க்கில் பிறந்தவர். தந்தை ஃபின் லௌட்ரப் தேசிய அணி வீரர். தாய்மாமன் எபே ஸ்கோவ்டால் பெயர் பெற்ற பயிற்றுநர். தம்பி பிரையன் 1969இல் வியன்னாவில் பிறந்தார். தந்தை அப்போது அங்கே ஆடிக்கொண்டிருந்தார். வீடே மைதானம் என்பார்களே, அது.

தேசிய அணியில் முதல் ஆட்டமும் பிறந்தநாளில்தான் வந்தது: 1982 ஜூன் 15, நோர்வேக்கு எதிராக, சரியாகப் பதினெட்டு வயது. கோல் அடித்தார், டென்மார்க் 2-1 என்று தோற்றது. இந்த மனிதரின் வாழ்க்கை முழுவதற்கும் அந்த ஒரு மாலையே சாதகக் குறிப்பு என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் எதிர்த்து வாதாட முடியவில்லை.

1983இல் யுவென்டஸ் அவரை வாங்கியது. அக்காலத்து இத்தாலியில் ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவருக்கே இடம். அங்கே பிளட்டினியும் பொனியெக்கும் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே இரண்டு பருவம் லாட்சியோவுக்கு இரவலாகப் போனார்; இரண்டாவது பருவத்தில் லாட்சியோ கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 1985இல் பொனியெக் போனபின் திரும்பி வந்தார். அந்த டிசம்பரில் டோக்கியோவில், கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்துக்காக அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸ் அணியுடன் ஆட்டம். முடிய எட்டு நிமிடம் இருக்கையில், கோல் கோட்டை ஒட்டிய இடத்தில் இருந்து, கோணமே இல்லாத இடத்தில் இருந்து, 2-2 ஆக்கினார். அடுத்துப் பெனால்டி உதைகளில் தன் உதையைத் தவறவிட்டார். யுவென்டஸ் வென்றது. கோலும் அவர், தவறும் அவர்.

பயிற்சியில் இவரைப்போல் உலகில் ஆளில்லை, ஆட்டத்தில் முழுவதையும் தருவதில்லை என்ற பொருளில் பிளட்டினி பேசியதாகச் சொல்வார்கள். பிற்காலத்தில் பார்சலோனாவின் பயிற்றுநர் குரைஃபின் குறையும் ஏறக்குறைய அதேதான். இதை நான் தள்ளிவிட மாட்டேன். பிளட்டினி 1987இல் ஓய்வு பெற்ற பிறகு யுவென்டஸில் இவர் தனித்து நிற்கவேண்டி வந்த இரண்டு பருவங்களும் வெறுமையாகவே போயின. ஓர் அணியைக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற சுபாவம் அவருக்கு இல்லை.

16 ஜூன், இரவு

இந்தக் கோடையின் ஐரோப்பியக் கிண்ணம், ஷ்டுட்கார்ட்டில் டென்மார்க் 1, ஸ்லொவேனியா 1. எங்கள் எரிக்சன் அடித்தார். மைதானத்தில் அவருடைய இதயம் நின்ற அந்த நாளிலிருந்து 1,100 நாள் கழித்து. அவர் சட்டையின் முதுகில் எண் 10. லௌட்ரப்பைப் பற்றி இன்று எழுத மனம் வரவில்லை.

17 ஜூன்

பார்சலோனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடங்களைச் சொல்லாமல் ஒரு பாஸை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

அவர் பந்துடன் வலப்பக்கம் சாய்ந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளும். முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். கண் மட்டும் திரும்பினால் தடுப்பு வீரர் ஏமாற மாட்டார். இவர் தோளையும் சேர்த்துத் திருப்புவார், அங்கே யாரோ கை காட்டிக் கூப்பிட்டதுபோல். எதிராளியின் எடை அந்தப் பக்கக் காலுக்குப் போகும். அந்தக் கணத்தில் வலது கால் பந்தை எதிர்ப்பக்கம் தட்டிவிடும். பந்து போன பிறகும் இவர் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்! பார்க்காமல் கொடுப்பது பெரிதல்ல, பலர் செய்கிறார்கள். கொடுத்த பிறகும் பார்க்காமல் இருக்கிறாரே, அங்கேதான் நான் விழுந்தேன். அது தற்பெருமையா, அல்லது தப்பாகப் போக வாய்ப்பே இல்லை என்ற அறிவா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

இரண்டாவது, ஸ்பானியர்கள் ‘குரொக்கெட்டா’ என்று அழைக்கிற வெட்டு. இருவர் இரண்டு பக்கமும் அடைக்க வரும்போது, வலது காலின் உட்பக்கத்தால் பந்தை இடது காலுக்குத் தள்ளி, அதே மூச்சில் இடது காலின் உட்பக்கத்தால் முன்னே தட்டி, இருவருக்கும் நடுவே போய்விடுவது. பாரும், பந்து தரையை விட்டு எழுவதே இல்லை. பார்சலோனா வீரர் இனியெஸ்தா இதையே பின்னாளில் தன் அடையாளமாக்கிக்கொண்டார். சிறு வயதில் அவர் வியந்து பார்த்தவர் லௌட்ரப்.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளின் கோடைச் சுற்றுப்போட்டி ஒன்றில் நான் கோட்டு மத்தியஸ்தராக நின்றேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் முகத்தை அழகாக இடப்பக்கம் திருப்பி வலப்பக்கம் தட்டினான். பந்து கோட்டைத் தாண்டிப் பறந்து, அம்மாமார் வைத்திருந்த தேநீர்ப் போத்தலைத் தரையில் சாய்த்தது. அவனோ இன்னும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பாஸ் வரவில்லை, நிற்கிற விதம் வந்திருந்தது. நான் கொடியைத் தூக்க மறந்துபோனேன்.

18 ஜூன்

ஒரு திருத்தம். நேற்று ஒரு நண்பரிடம் தொலைபேசியில், பார்சலோனா ரியல் மட்ரிட்டை 5-0 என்று வென்ற 1994 ஜனவரி ஆட்டத்தையும், சரியாக ஒரு வருடம் கழித்து ரியல் மட்ரிட் அதே 5-0 ஐத் திருப்பிக் கொடுத்த ஆட்டத்தையும் சொல்லி, இரண்டிலும் வென்ற பக்கத்தில் லௌட்ரப் தொடக்கம் முதல் ஆடினார் என்று அடித்துச் சொன்னேன். தவறு. இரண்டிலும் வென்ற பக்கத்தில் இருந்தார் என்பது சரி. முதலாவதில் பதிலாளாகவே இறங்கினார்.

இந்தத் திருத்தத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவரே ஆடலாம் என்று ஸ்பெயினிலும் ஐரோப்பியக் கழகக் கிண்ணத்திலும் விதி இருந்தது. கூமன், ஸ்டொய்ச்கொவ், லௌட்ரப் என்று மூவர் இருந்தவரை குரைஃபுக்குச் சிக்கல் இல்லை. 1992 ஐரோப்பியக் கழகக் கிண்ண இறுதியில், வெம்பிளியில் சம்ப்டோரியாவைக் கூடுதல் நேரத்தில் கூமனின் ஒரே கோலால் வென்றபோது மூவரும் களத்தில் இருந்தார்கள். 1993இல் ரொமாரியோ வந்தார். நால்வரில் ஒருவர் வெளியே நிற்கவேண்டும். 1994 மே மாதம் ஏதென்ஸில் மிலானுடனான இறுதியாட்டத்தில் வெளியே விடப்பட்டவர் லௌட்ரப். பார்சலோனா 4-0 என்று நொறுங்கியது. அவரை வெளியே விட்டது குரைஃபின் பிழை என்று மிலானின் பயிற்றுநர் கப்பெல்லோ பின்னர் சொன்னார்.

நான் கவனித்த வேடிக்கை: அவர் ஆடாத இரண்டு பெரிய இறுதியாட்டங்கள் உண்டு. ஒன்றில் அவருடைய நாடு வென்றது. மற்றதில் அவருடைய கழகம் தோற்றது. முதலாவதை வைத்து ‘இவர் தேவையில்லை’ என்றோம். இரண்டாவதை வைத்து ‘இவர் இல்லாமல் முடியாது’ என்கிறோம். இரண்டுமே ஓர் ஆட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்புகள்.

அந்தக் கோடையிலேயே நேரே மட்ரிட்டுக்குப் போனார். அந்தப் பயணத்தைச் செய்தவர்கள் பார்சலோனாவில் என்ன பெயர் வாங்குவார்கள் என்பது உமக்குத் தெரியும். திரும்பிப் போய் ஆடியபோது அவரும் வசை வாங்கினார்தான். ஆனால் இன்று இரண்டு நகரங்களிலும் அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுகிறார்கள். வேறு யாரையும் அப்படிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

20 ஜூன், இரவு

இங்கிலாந்துடன் 1-1. மோர்ட்டன் ஹ்யூல்மண்ட் வெகுதூரத்தில் இருந்து அடித்தார், பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நல்ல ஆட்டம். வேறொன்றும் இல்லை.

22 ஜூன்

சரி, 1992.

1990 நவம்பரில் மிக்கேல் தேசிய அணியை விட்டு விலகினார். பயிற்றுநர் றிக்கார்ட் மொல்லர் நீல்சன். அவருக்கு முந்திய பயிற்றுநர் செப் பியொன்டெக் காலத்து அணி முன்னேறித் தாக்கும். மொல்லர் நீல்சன் பின்னே நின்று காத்து, சந்தர்ப்பம் பார்த்துக் குத்துகிறவர். பார்சலோனாவில் குரைஃபின் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு இது ஒவ்வவில்லை. இரண்டு சகோதரர்களும் விலகினார்கள், 1992இல் இருவருமே இல்லை.

யூகோஸ்லாவியாவின்மீது ஐக்கிய நாடுகள் சபை தடை விதித்தது மே 30. ஐரோப்பியக் கிண்ணத்தில் அந்த நாட்டின் இடம் டென்மார்க்குக்கு வந்தது. ஜூன் 26இல் கோத்தென்பேர்க்கில் ஜேர்மனியை 2-0 என்று வென்றது. ஜோன் ஜென்சன் ஒன்று, கிம் வில்ஃபோர்ட் ஒன்று. வில்ஃபோர்டின் சின்ன மகள் புற்றுநோயுடன் மருத்துவமனையில் இருந்தாள். அவர் அணிக்கும் அவளுடைய கட்டிலுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார். அந்தக் கோல் அடித்த கணத்தில் நாங்கள் அழுதோம். எங்கள் தெருவில் முன்பு முகம் திருப்பிப் போன கிழவர் ஒருவர் அன்று என்னைக் கட்டிப்பிடித்தார். இந்த நாட்டில் என்னை முதன்முதலில் கட்டிப்பிடித்த அந்நியர் அவர்.

அடுத்த நாள் வேலையில் நான் சொன்னது இது: ‘மகள் சாகக் கிடக்கும்போது ஒருவர் வருகிறார், பயிற்றுநரைப் பிடிக்கவில்லை என்று ஒருவர் வராமல் இருக்கிறார்.’ கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒரே ஒரு முதியவர், ஜென்ஸ் என்று வைத்துக்கொள்வோம், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, ‘நேற்று நீ பார்த்தது வெற்றி. லௌட்ரப்பிடம் நீ பார்த்தது உதைபந்தாட்டம். இரண்டும் வேண்டும்’ என்றார். எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

23 ஜூன்

இரண்டு திருத்தங்கள். நேற்று உணர்ச்சியில் எழுதிவிட்டேன்.

ஒன்று, தம்பி பிரையன் திரும்பி வந்துவிட்டார். 1992 கிண்ணம் வென்ற அணியில் பிரையன் லௌட்ரப் ஆடினார், நன்றாகவும் ஆடினார். வராதவர் அண்ணன் மட்டும்தான். இதைப் போய் நான் மறந்தது வெட்கம். முப்பத்திரண்டு வருடக் கோபம் நினைவையும் வளைத்துவிடுகிறது.

இரண்டாவது, நான் எழுதாவிட்டாலும் எல்லோரும் சொல்கிற கதை: வீரர்கள் கடற்கரையில் படுத்திருந்தார்கள், அங்கிருந்து அள்ளிக்கொண்டு போனார்கள் என்பது. முழுக்க அப்படியில்லை. சோவியத் வீழ்ச்சிக்குப் பிந்திய கூட்டு அணியுடன் ஜூன் 3இல் டென்மார்க் ஒரு நட்பு ஆட்டம் ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்தது. ஆயத்தம் குறைவு என்பது உண்மை. கடற்கரை மணல் பெரும்பாலும் கதை சொன்னவர்கள் தூவியது. நானும் பிள்ளைகளுக்குப் பல வருடம் தூவியிருக்கிறேன்.

மூன்றாவதும் ஒன்று, திருத்தமல்ல, மறுயோசனை. விலகியபோது டென்மார்க்குக்கு அந்தப் போட்டியில் இடமே இல்லை. ‘கிண்ணத்தை உதறினார்’ என்று நான் பேசியது பின்னால் நடந்ததை முன்னால் வைத்துப் பார்த்த பேச்சு.

26 ஜூன்

இன்று அந்த இறுதியாட்டத்தின் ஆண்டு நாள். நேற்று டென்மார்க் சேர்பியாவுடன் 0-0. அடுத்த சுற்றுக்குப் போகிறது, ஜேர்மனியுடன். ஆண்டு நாளை ஒட்டி ஜேர்மனி வருவதால் வானொலியில் ஒரே 1992 பல்லவி.

நான் நினைப்பது 1993ஐ. அந்த ஆகஸ்டில் மிக்கேல் மொல்லர் நீல்சனுடன் சமாதானமாகித் திரும்பி வந்தார். நவம்பர் 17, செவில்யா நகரம். உலகக் கிண்ணத்துக்குப் போக ஒரு புள்ளி போதும். பத்தாவது நிமிடம் ஸ்பெயினின் கோல் காப்பாளர் சுபிசரெட்டா பந்தைத் தவறாகத் தட்ட, லௌட்ரப் அதைப் பிடித்துக்கொண்டு போக, காப்பாளர் அவரை விழுத்தினார். சிவப்பு அட்டை. பார்சலோனாவில் இருவரும் ஒரே அறையில் உடை மாற்றுகிறவர்கள். ஸ்பெயின் பத்துப் பேர். முதல் தடவை நாட்டுக்காக ஆடும் கன்யிசாரெஸ் காப்பாளர். எண்பது நிமிடம் மிச்சம். டென்மார்க்கால் ஒரு கோல் அடிக்க முடியவில்லை. ஹியெரோ தலையால் முட்டி 1-0. அயர்லாந்தும் டென்மார்க்கும் புள்ளியிலும் கோல் வித்தியாசத்திலும் சமம்; அடித்த கோல்கள் குறைவென்று டென்மார்க் வெளியேறியது. பன்னிரண்டு ஆட்டங்களில் அவர்கள் வாங்கிய கோல்கள் இரண்டே இரண்டு!

அன்று ‘பார், இவர் வந்தும் நடக்கவில்லை’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபின் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற காட்சியைத் தொலைக்காட்சி காட்டியது. எனக்கு 1986இன் முகாம் கூடம் நினைவுக்கு வந்தது, கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மன்னிப்பு என்று அதைச் சொல்லமாட்டேன். மன்னிக்க எனக்கு என்ன உரிமை? கூடத் தோற்கிறவர்மீது கோபம் நிற்பதில்லை, அவ்வளவுதான். இந்த நாட்டிலும் பலருக்கு அப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறேன்.

27 ஜூன்

பயிற்றுநராக அவர் எப்படி என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டெனிஷ் கழகமான புரொண்ட்பியுடன் 2005இல் லீக்கும் கிண்ணமும். ஹெற்றாஃபே என்ற சின்ன ஸ்பானியக் கழகத்தை பயர்ன் மியூனிக்குக்கு எதிரான யூஏஃபா கிண்ணக் காலிறுதியில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம் வரை கொண்டுபோனார். 3-3, எதிரணியின் மைதானத்தில் அடித்த கோல்களை மேலாக எண்ணும் அக்கால விதியால் தோல்வி. சுவான்சியுடன் 2013இல் இங்கிலாந்து லீக் கிண்ணம். மறு வருடம் பெப்ரவரியில் நீக்கப்பட்டார். இடையில் மொஸ்கோ, மயோர்க்கா, கடைசியில் கட்டார். எங்கும் அழகாக ஆடவைத்தார், எங்கும் நெடுநாள் தங்கவில்லை. ஆட்டக்காரரைப் பற்றி எழுதியதைவிட இதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

30 ஜூன்

நேற்று டோர்ட்முண்டில் ஜேர்மனி 2, டென்மார்க் 0. இடியும் மின்னலும் ஆட்டத்தை நிறுத்தின. ஆண்டர்சன் அடித்த கோலை, டிலேனியின் கால்விரல் முன்னே நீட்டியிருந்ததென்று அழித்தார்கள். சற்று நேரத்தில் அதே ஆண்டர்சனின் கையில் பந்து உரசியதென்று எதிர்ப்பக்கத்துக்குப் பெனால்டி. ஓர் அசல் யெஸ்பர் ஓல்சன்கூட இல்லை. வெறும் விரல் நுனி.

நித்திரை வரவில்லை. 1998இன் பழைய ஒளிப்பதிவை எடுத்துப் போட்டேன். பிரான்ஸ் உலகக் கிண்ணம், ஜூன் 28, நைஜீரியாவுடன். லௌட்ரப்புக்கு முப்பத்துநான்கு வயது, அணித்தலைவர். ஐந்து நாள் கழித்து நாந்த் நகரில் பிரேசிலிடம் 3-2 என்று தோற்று, அத்துடன் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார் என்பது பார்க்கிற எனக்குத் தெரியும். திரையில் ஓடுகிறவருக்குத் தெரியாது. டென்மார்க் 4-1 என்று வென்ற ஆட்டம் அது. எபே சண்ட் பதிலாளாக இறங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒரு பந்து வருகிறது. தலையால் தட்டி, நைஜீரியத் தடுப்பு வீரர் தாரிபோ வெஸ்டைத் தாண்டி, கோல் அடிக்கிறார். கூட்டம் கோல் அடித்தவரைக் கொண்டாடுகிறது, கமெராவும் அவர் பின்னாலேயே ஓடுகிறது.

தம்பி, அந்த ஒளிப்பதிவு தேடினால் உமக்கும் கிடைக்கும். அறுபதாவது நிமிடத்தை ஒட்டி. அப்பாவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளும். முதல் தடவை பந்தைப் பாரும். இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு, அதைக் கொடுத்தவரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாரும்.